தின்றும் தேயும் மாடு

மெலிவு ஒரு நோயல்ல, ஒரு புகார். புகார் செய்வது வாயில்லாத ஜீவன் என்பதால் விசாரணையைச் சாணத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சந்தைக்கு வரும் மாடுகளில் ஒரு ரகம் உண்டு. வயது அதிகமில்லை. மடி நன்றாக இருக்கிறது. கண்ணில் ஒளி இருக்கிறது. தீனியைக் காட்டினால் பாய்ந்து வந்து தின்கிறது. ஆனால் விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணிவிடலாம். இடுப்பெலும்பில் துண்டை மாட்டி வைக்கலாம். வாலிலும் பின்தொடையிலும் ஒட்டிக் காய்ந்த சாணத்தை விற்பவர் முந்தின நாளே கழுவிவிட்டுத்தான் ஓட்டி வருகிறார். "தீனிப் பஞ்சம், வேறொன்றுமில்லை" என்கிறார்.

வாங்குபவருக்கும் அதை நம்பத்தான் ஆசை. பாதி விலைக்கு ஒரு கறவை மாடு. நாலு மாதம் நன்றாகத் தீனி போட்டால் தேறிவிடும் என்பது கணக்கு. துண்டுக்கு அடியில் விரல்கள் பேசி முடிக்கின்றன. நாலு மாதம் கழித்தும் மாடு தேறுவதில்லை. மறுபடி அதே சந்தை, அல்லது பக்கத்து மாவட்டத்துச் சந்தை. அன்று வாங்கியவர் இன்று விற்பவர். வசனம் மட்டும் மாறவில்லை: "தீனிப் பஞ்சம், வேறொன்றுமில்லை."

சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேல் மாடுகள், ஏறத்தாழ 11 கோடி எருமைகள், 15 கோடியை நெருங்கும் வெள்ளாடுகள், 7 கோடிக்கு மேல் செம்மறிகள். இவ்வளவு வாய்களுக்கும் பசும்புல் கிடையாது என்பது கிராமத்துக்குத் தெரிந்த விஷயம். ஆனால் எல்லா மெலிவுக்கும் பஞ்சத்தின் மேல் பழிபோடும்போது, பஞ்சமே காரணமல்லாத மெலிவுகள் தப்பித்துக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று தன் இடத்தில் நிற்காமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

முதல் சிக்கல் எடையே தெரியாது என்பது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரிவதில்லை. ஊருக்கு வந்த மைத்துனர் சொல்லித்தான் பலருக்குத் தங்கள் மாடு இளைத்துவிட்டது தெரிகிறது. எடை மேடை கிராமத்தில் இருக்காது. ஆனால் தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா இருக்கும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளம் எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும். மார்பளவை மார்பளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை ராத்தலில் கிடைக்கும். மார்பளவு 60 அங்குலம், நீளம் 52 அங்குலம் என்றால் 624 ராத்தல், அதாவது சுமார் 283 கிலோ. அதே மாட்டின் மார்பளவு 54 அங்குலமாகச் சுருங்கினால் எடை 229 கிலோ. நாடாவில் ஆறு அங்குலம். உடம்பில் 54 கிலோ, ஐந்தில் ஒரு பங்கு. மாதம் ஒரு முறை அளந்து மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தால் போதும், மைத்துனருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மெலிவு உறுதியானதும் பெரும்பாலான ஊர்களில் நடப்பது ஒன்றுதான். ஒரு குடற்புழு மாத்திரை, ஒரு ஈரல் டானிக், ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசி. மூன்றும் கெட்ட மருந்துகள் அல்ல. ஆனால் யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமல் போலீஸ் கும்பலில் தடியடி நடத்துவது மாதிரி அது. நல்ல கால்நடை டாக்டர் ஊசியை எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கிறார். மாட்டுக்குப் போதிய தீனி கிடைக்கிறதா? கிடைத்தால் அதைத் தின்ன முடிகிறதா? தின்றால் அது எங்கே போகிறது?

முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் கன்று ஈன்ற தேதியில் இருக்கிறது. கலப்பினக் கறவை மாட்டுக்குப் பால் உச்சத்தை எட்டுவது ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில். பசி உச்சத்தை எட்டுவது அதற்கும் சில வாரங்கள் கழித்து. இடைப்பட்ட நாட்களில் மாடு தன் உடம்பையே கரைத்துப் பாலாக ஊற்றுகிறது. கொஞ்சம் மெலிவது இயற்கை. வைக்கோலை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் கொஞ்சத்தோடு நிற்காது. வைக்கோல் வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது. அடர்தீவனம், பசுந்தீவனம், தாது உப்புக் கலவை இவற்றுக்கு மாடு ஒரு மாதத்தில் பதில் சொல்லிவிட்டால் கேஸ் முடிந்தது. மண்ணையும் எலும்பையும் துணியையும் நக்கித் தின்னும் மாடு பாஸ்பரஸ் போன்ற தாதுக்களுக்கு ஏங்குகிறது என்பதும் அப்போதே தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை. செங்கல் சூளையிலும் வண்டியிலும் உழைக்கும் குதிரை, கழுதைகளின் கடைவாய்ப் பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கத்தி முனைபோல் கூராகிவிடும். கன்னத்தைக் கிழிக்கும் அந்தப் பல்லோடு அது கொள்ளை மெல்லப் பார்த்து, பாதி மென்றதைக் கீழே துப்புகிறது. இதற்கு டானிக் எதற்கு? அரம் போட்டு ராவினால் போதும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அறுபது வயதை ஒட்டி ஆறாவதும் தேய்ந்துபோனால், புல்வெளிக்கு நடுவில் நின்றாலும் அதற்குப் பட்டினிதான். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த தெலங்கானாவின் நல்கொண்டா, ராஜஸ்தானின் பல பகுதிகள் ஆகியவற்றில் மாடுகளின் பற்கள் பழுப்பேறிக் குழிவிழுகின்றன, எலும்பு தடித்துக் கால் நொண்டுகிறது. மேயவும் நடக்கவும் முடியாத மாடு மெலியத்தானே செய்யும்.

நகரத்து மாட்டின் கதை வேறு. அதற்குத் தின்னவும் முடிகிறது, தின்னவும் செய்கிறது. தின்பது பிளாஸ்டிக் பை. மீந்த சாதத்தை முடிச்சுப் போட்டுத் தெருவில் எறிந்தால் முடிச்சை அவிழ்த்துத் தின்ன மாட்டுக்குக் கை இல்லை. பை அப்படியே உள்ளே போகிறது. பெருவயிற்றை விட்டு அது வெளியேறாது, மக்கவும் செய்யாது. வருடக்கணக்கில் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகி, கயிறு கட்டியாகி, வயிறே நிறைந்துவிடுகிறது. பசிக்க இடமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சினை மாடு போலத் தொப்பை. கிட்டே போனால் முதுகெலும்பு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். நிற்க வைத்தே, இடது விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை இது. மாடு பிழைத்துக்கொள்கிறது. தையல் பிரித்ததும் அது திரும்பிப் போவது அதே குப்பைத்தொட்டிக்கு.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. தின்றது எங்கே போகிறது? முதல் சந்தேக நபர்கள் புழுக்கள். வெள்ளாட்டையும் செம்மறியையும் அழிக்கும் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கிறது. கேட்கச் சின்ன அளவுதான். ஐயாயிரம் புழுக்கள் சேர்ந்தால் கால் லிட்டர். 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே இரண்டு லிட்டருக்குக் குறைவு. ஒரே வாரத்தில் தன் ரத்தம் முழுவதையும் கப்பம் கட்டும் ஆட்டுக்குக் கழிச்சல்கூட இருக்காது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு போய் வெள்ளைக் காகிதம்போல் இருக்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை தொங்கும். தென்னாப்பிரிக்க டாக்டர்கள் இந்த இமை நிறத்தை ஐந்து படிகளாக அச்சிட்டு ஓர் அட்டை தயாரித்தார்கள். அட்டையோடு ஒப்பிட்டு வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து.

இந்த 'மட்டும்' முக்கியமானது. மந்தை முழுவதற்கும் மூன்று மாதத்துக்கொரு முறை ஒரே மருந்தை, அதுவும் குத்துமதிப்பான அளவில் ஊற்றியதன் விளைவாக, பல பண்ணைகளில் அல்பெண்டசோல் வகை மருந்துக்குப் புழுக்கள் மசிவதில்லை. வெள்ளாட்டின் உடம்பு மருந்தை வேகமாகக் கழித்துவிடும் என்பதால் செம்மறிக்குத் தரும் அளவு அதற்குப் போதாது. போதாத மருந்து புழுவைக் கொல்வதில்லை, அதற்குப் பயிற்சி கொடுக்கிறது. சினையின் தொடக்கத்தில் இதே மருந்து குட்டியைப் பாதிக்கும் என்பதும் மருந்துக் கடைக்காரர் சொல்லாத விஷயம்.

பிரம்மபுத்திராக் கரை, இமயமலை அடிவாரத்துத் தராய், கேரளத்தின் குட்டநாடு என்று தண்ணீர் தேங்கும் நிலங்களில் சந்தேகம் ஈரல் தட்டைப்புழு மேல் விழ வேண்டும். இடையில் ஒரு நத்தை அதற்குத் தங்குமிடம். புல்லோடு உள்ளே போகும் குஞ்சுப்புழு ஈரலைத் துளைத்துக்கொண்டே வளர்கிறது. முட்டை சாணத்தில் தென்பட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஆடு செத்தே போகலாம். ஆகவே சாணப் பரிசோதனையில் முட்டை இல்லை என்பது நிரபராதி என்ற தீர்ப்பு அல்ல. மருந்திலும் பேதம் உண்டு. ஆக்ஸிகுளோசனைடு வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும், டிரைகிளாபெண்டசோல் குஞ்சுகளையும் கொல்லும். எந்தப் புழு, எந்த வயது என்று தெரியாமல் தரும் மாத்திரை வெறும் ஆறுதல்தான்.

சாணத்தில் ஒன்றும் இல்லாமல் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் ஆள் ஒருவன் உண்டு. 1880-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் இவான்ஸ் மெலிந்து சாகும் குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்களுக்கு நடுவே பாம்புபோல் நெளியும் உயிர் ஒன்று தெரிந்தது. 'சர்ரா' என்று இந்தியர்கள் அழைத்த நோய்க்கு அதுதான் காரணம் என்று அவர் சொன்னபோது மேலதிகாரிகள் நம்பவில்லை. இவான்ஸ் நூறு வயது வாழ்ந்தார். அந்த உயிரி இன்று அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

கடிக்கும் பெரிய ஈக்கள் மூலம் மழைக்காலத்தை ஒட்டிப் பரவும் சர்ரா, குதிரையைச் சில வாரங்களில் முடித்துவிடும். ஒட்டகத்தில் மெதுவாக வேலை செய்யும். ராஜஸ்தானத்து ஒட்டகக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'திபர்ஸா', மூன்று வருடக்காரன். விட்டு விட்டுக் காய்ச்சல், வற்றும் திமில், வெளுக்கும் கண். காய்ச்சல் இல்லாத நாளில் ரத்தம் எடுத்தால் கிருமி தென்படாது. அனுபவசாலிகள் ஒட்டகத்தின் சிறுநீர் நனைத்த மண்ணை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள். பிகானீரில் ஒட்டகங்களுக்கும் ஹிசாரில் குதிரைகளுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. குவினாபிரமின் ஊசி சரியான அளவில், சரியான நேரத்தில் விழுந்தால் மிருகம் தேறும். மாட்டுக்குக் கைகண்ட டைமினசின் ஊசியை அதே நம்பிக்கையோடு ஒட்டகத்துக்குப் போடக்கூடாது, அது ஒட்டகத்துக்கு விஷமாகலாம். 2012-இல் சுமார் 4 லட்சமாக இருந்த இந்திய ஒட்டகங்கள் 2019-இல் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்ட நிலையில் ஒரு தவறான ஊசிகூடச் சின்ன நஷ்டமல்ல.

காரணம் தெரிந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. அதற்குப் பெயர் இரக்கம். எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட மாட்டுக்கு முதல் வேலையாக ஒரு வாளி கஞ்சி, தவிடு, வெல்லம், கல்யாண வீட்டில் மீந்த சோறு என்று கொட்டுகிறார்கள். பட்டினி கிடந்த பெருவயிற்றில் மாவுப் பொருளைச் சமாளிக்கும் நுண்ணுயிர்கள் தயாராக இல்லை. உள்ளே அமிலம் பொங்குகிறது. பஞ்சத்தில் சாகாத மாடு விருந்தில் சாகிறது. நாய்க்கும் இதே ஆபத்து வேறு வழியில் வரும். நெடும்பட்டினிக்குப் பின் திடீரென்று பெருந்தீனி கிடைத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து இதயம் தடுமாறும். சரியான வழி அலுப்பானது. சுத்தமான தண்ணீர், உப்பு, நல்ல காய்ந்த புல், கொஞ்சம் பசும்புல், ஒரு நாளைக்குப் பல முறை, சிறிது சிறிதாக. அடர்தீவனம் கைப்பிடியில் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் ஏற வேண்டும். எழுந்திருக்க முடியாத மாட்டைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண்ணே அதைக் கொன்றுவிடும். ரத்தம் அறவே வற்றியிருந்தால் வேறொரு நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்றலாம். மாடுகளுக்கு முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் வகை பார்க்காமலே ஒத்துப்போகிறது.

இத்தனையும் செய்தாகிவிட்டது. தீனி சரி. பல் சரி. புழு இல்லை. ரத்தம் சுத்தம். மாடு நன்றாகத் தின்கிறது. ஆனாலும் தேய்கிறது. சாணம் பட்டாணிக் கூழ்போலத் தண்ணீராக, பீய்ச்சியடிக்கிறது. மருந்து கொடுத்தால் நிற்கிறது, நிறுத்தினால் தொடங்குகிறது. காய்ச்சல் கிடையாது. அப்போதுதான் டாக்டரின் முகம் மாறுகிறது. சந்தையில் பார்த்த மாடு இதுதான்.

1895-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஜோன் என்ற விஞ்ஞானியும் ஃபிராதிங்ஹாம் என்ற சக ஆய்வாளரும் இப்படித் தேய்ந்து செத்த ஒரு பசுவின் குடலை ஆராய்ந்தார்கள். குடற்சுவர் பல மடங்கு தடித்து, உட்புறம் மூளையின் மடிப்புகள்போல் சுருங்கிக் கிடந்தது. அதில் காசநோய்க் கிருமியின் சாயலில் கிருமிகள். காசநோயின் ஒரு விசித்திர வடிவம் என்று அவர்கள் நினைத்தார்கள். அது காசநோயின் பங்காளி, ஆனால் தனி நோய் என்பது பிறகு தெரிந்தது. ஜோன்ஸ் நோய் என்ற பெயர் நிலைத்தது. தடித்த சுவர் வழியாகச் சத்து உள்ளே போக முடியாது. உள்ளே இருக்கும் புரதமும் குடலில் கசிந்து வீணாகிறது. தொட்டி நிறையத் தின்றாலும் உடம்புக்கு வந்து சேர்வது பட்டினிதான். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் கழிச்சல்கூடப் பெரும்பாலும் இருக்காது. வெறுமனே கரைந்து போகும்.

இந்த நோயின் சாமர்த்தியம் அதன் பொறுமையில் இருக்கிறது. மாடு அதை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் பிறந்த சில மாதங்களுக்குள், சாணம் ஒட்டிய காம்பைச் சப்பும்போது, அல்லது நோயுற்ற தாயின் சீம்பாலிலேயே. வெளிப்படுவது இரண்டு முதல் ஐந்து வருடம் கழித்து. பல சமயம் ஓரிரு ஈற்றுக்குப் பிறகு. இடைப்பட்ட வருடங்களில் மாடு பார்க்க ஆரோக்கியமாக இருந்துகொண்டே கிருமியைச் சாணத்தில் கொட்டுகிறது. நிழலும் ஈரமும் இருந்தால் கிருமி மண்ணில் ஒரு வருடம் வரைகூடத் தாக்குப் பிடிக்கும். கொட்டகையில் ஒரு மாடு மெலிந்து நிற்கிறது என்றால், மெலியாமல் நோயைச் சுமப்பவை அதே கொட்டகையில் இன்னும் பல இருக்கலாம். சந்தையில் கைமாறியது ஒரு மாடு மட்டுமல்ல. அது தங்கிப்போன ஒவ்வொரு கொட்டகையிலும் அடுத்த தலைமுறைக் கன்றுகளுக்கு அது ஒரு சொத்து எழுதி வைத்துவிட்டுப் போகிறது.

கண்டுபிடிப்பதும் எளிதல்ல. சாணத்தைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். கிருமி தெரிந்தால் சந்தேகம் வலுக்கும், தெரியாவிட்டால் சந்தேகம் தீராது. பரிசோதனைக் கூடத்தில் வளர்த்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி என்று நெடுநாள் இருந்தது. ஆனால் இந்தக் கிருமி வளர இரண்டு முதல் நாலு மாதம் எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் எலைசா சோதனை வேகமானது, மலிவானது. நோய் முற்றிய மாட்டை அது பெரும்பாலும் பிடித்துவிடும். தொடக்க நிலையில் இருப்பவை பலவற்றைத் தப்பவிட்டுவிடும். சாணத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை இப்போது கைகொடுக்கிறது. எந்தச் சோதனையானாலும் ஒரு முறை பார்த்து விடுதலை கொடுக்க முடியாது. ஒரு வருடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

சிகிச்சை? ஏறக்குறைய இல்லை. காசநோய் மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தால் கழிச்சல் தணியும். செலவு மாட்டின் விலையைத் தாண்டும், பாலைக் குடிக்க முடியாது, நிறுத்தினால் நோய் திரும்பும். மதுராவுக்கு அருகே மக்தூமில் இருக்கும் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் இந்த நோயோடு நீண்ட காலமாகப் போராடி வருகிறது. சம்பல், யமுனைக் கரைகளில் எடாவா மாவட்டத்தைத் தாயகமாகக் கொண்ட ஜமுனாபாரி ஆடுகள், நீண்ட காதும் கம்பீர மூக்குமாக இந்திய ஆடுகளின் ராஜாக்கள், அங்கே இந்த நோயால் கரைந்தன. அந்த ஆட்டிலிருந்து பிரித்தெடுத்த உள்நாட்டுக் கிருமியைக் கொண்டே அங்குள்ள விஞ்ஞானிகள் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். ஏற்கெனவே நோய்ப்பட்ட ஆடுகளுக்குப் போட்டபோதுகூடப் பலவற்றில் எடை கூடியது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் தடுப்பூசி கிருமியை விரட்டியடிப்பதில்லை, அதன் கையைக் கட்டுகிறது. ஊசி போட்ட மாடு காசநோய்ச் சோதனையில் தவறாக மாட்டிக்கொள்ளலாம் என்ற சங்கடமும் உண்டு.

மேலை நாடுகளில் இதற்கு விடை சுருக்கமானது: சோதனை செய், கழித்துவிடு. கழித்துவிடு என்றால் இறைச்சிக்கூடம். இந்தியாவில் வெள்ளாட்டுக்கு அது சாத்தியம். பசுவுக்கு, பெரும்பாலான மாநிலங்களில், சட்டமும் இல்லை மனமும் இல்லை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கொல்லவும் கூடாது, வைத்துக் காப்பாற்றவும் வழியில்லை என்றால் மாடு எங்கே போகும்? வீட்டில் இருப்பதே இரண்டு மாடு, அதில் ஒன்று பேங்க் கடன். காப்பீடு மாடு செத்தால் பணம் தரும், மெலிந்தால் தராது. ஆகவே சந்தை. சந்தையிலும் விலை போகாவிட்டால் தெரு. தெருவிலிருந்து கோசாலை. அங்கே கிழ மாடும் கன்றும் நோய் மாடும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன. நோயை ஏமாற்றிக் கைமாற்றும் விவசாயியைத் திட்டுவது எளிது. அவர் உண்மையைச் சொன்னால் அவருக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. தொற்று நோயை மறைக்காமல் அறிவிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. அறிவிக்கும் ஆளின் பால் வருமானத்தை யார் ஈடு செய்வது என்பது தீராதவரை அது ஏட்டுச் சட்டம்தான்.

அதுவரை செய்யக்கூடியவை இருக்கின்றன. எல்லாமே கன்றைச் சுற்றி. மெலிந்து கழியும் மாட்டைத் தனியாகக் கட்டுவது. ஈனும் இடத்தைக் கழுவிக் காய விடுவது. நோய்த் தாயின் சீம்பாலைக் கொடுக்காமல் நல்ல மாட்டின் சீம்பாலைக் கொடுப்பது. மாட்டின் சாணம் கன்றின் தண்ணீர்த் தொட்டியில் தெறிக்காதபடி உயர்த்திக் கட்டுவது. பச்சைச் சாணத்தைப் புல் வளர்க்கும் நிலத்தில் கொட்டாமல் நன்றாக மக்க வைப்பது. கோசாலைகள் செலவழிக்கும் தீவனப் பணத்தில் ஒரு சிறு பங்கு, நோய் மாடுகளுக்கென ஒரு தனிக் கொட்டகைக்கும் கன்றுகளுக்கென ஒரு தனி வேலிக்கும் போதும். கொல்ல வேண்டாம், பிரித்தால் போதும். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை வண்டி வருகிறது. அந்த டாக்டர் ஊசி போடாமல் சாணம் எடுத்துக்கொண்டு போனால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சரியாகத்தான் செய்கிறார்.

பால் குடிப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. இந்தக் கிருமிக்கும் மனிதர்களின் குரோன்ஸ் என்ற குடல் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக வாதிடுகிறார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் மெலிந்த மாட்டுக்கு இருப்பது நிஜக் காசநோயாகவே இருந்தால் வாதத்துக்கு இடமில்லை, அது பாலில் வரும். பச்சைப் பால் உடம்புக்கு நல்லது என்று யார் சொன்னாலும் அடுப்பில் வைத்துப் பொங்க விடுவதே நல்லது.

ராஜஸ்தானிலிருந்து கேரளம் வரை எந்தச் சந்தையிலும் ஒரு காட்சி பொது. மாட்டை வாங்க வருபவர் முதலில் குனிந்து மடியைத் தடவுகிறார். பிறகு வாயைத் திறந்து பல்லை எண்ணி வயது பார்க்கிறார். சுழி பார்க்கிறார், கொம்பு பார்க்கிறார். பின்பக்கம் போய் வாலைத் தூக்கிப் பார்ப்பவர் அபூர்வம். அங்கேதான் எழுதியிருக்கிறது, கழுவியும் போகாத ஒரு மஞ்சள் கறையாக.